இங்கே ஒரு நல்ல வரி வரும்

மெட்டுக்கு மெய் தந்து, பாட்டுக்குப் பாதை போட்டு, பாட்டு வந்து அமரும் நேரம் பார்த்துப் பதறாமல் எழுந்து இடம் விட்ட பண்பாளரே! தாளத்துக்குச் சொல் தந்து, சொல்லுக்குத் தாள் தந்து, தன் பெயரை மட்டும் எந்தத் தாளிலும் தராத தகைமையாளரே! முப்பத்து மூன்று ஆண்டுகள் இந்தத் தொலைக்காட்சி நிலையத்தின் இசையறையில் முதல் ஆளாக வந்து விளக்கைப் போட்டவரே, கடைசி ஆளாக நின்று அணைத்தவரே! பாட்டெழுத வந்தோர்க்கெல்லாம் பயம் தெளிவித்த பரிவே! எங்கள் இசையறையின் இணையில்லா இன்முகமே! எங்கள் தானானா அண்ணா! உங்களோடு உழைத்தவர்கள் அனைவரும் எழுந்து நின்று வணங்குகிறோம்.

தயவுசெய்து ஓடிப் போக வேண்டாம். கதவருகே கேமராக்காரர் நிற்பது தற்செயல் அன்று. யாராவது பாராட்டத் தொடங்கினால் போதும், உடனே கீழே குனிந்து அங்கே கிடக்கும் வயரைச் சுருட்டத் தொடங்குவது உங்கள் வழக்கம் என்பதை இந்த நிலையத்தில் அறியாதவர் இல்லை. ஆகவே காலையிலேயே இந்த அரங்கில் ஒரு வயர் விடாமல் எடுத்து ஒளித்து வைத்துவிட்டோம். இருந்தும் உங்கள் காதுமடல் இப்போதே சிவந்துவிட்டது. எனவே ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். இந்த மடலின் நடுப்பகுதியில் உங்களை ‘நீங்கள்’ என்று சொல்லப் போவதில்லை. யாரோ ஒருவரின் கதையைக் கேட்பதுபோல் நீங்கள் கேட்கலாம். நாங்களும் யாரோ ஒருவரின் கதையைச் சொல்வதுபோல் சொல்லிவிடுகிறோம்.

அவருடைய மகளும் மருமகனும் முன்வரிசையில் இருப்பதால், அவர் செய்த வேலை என்ன என்பதை முதலில் சொல்லியாக வேண்டும். மகள் பள்ளியில் படித்த நாளில் ‘அப்பாவுக்கு என்ன வேலை?’ என்று டீச்சர் கேட்டதற்கு, ‘டிவியில தானானா சொல்றாரு’ என்று பதில் சொல்லி வகுப்பே சிரித்ததாகக் கேள்வி. குழந்தை சொன்னதில் தப்பே இல்லை. நம் நிலையத்தில் பத்தொன்பது ஆண்டுகளாக நடக்கிறதே, பாட்டெழுத ஆசைப்படுகிறவர்களுக்கான போட்டி, அதில் ஒவ்வொரு போட்டியாளருக்கும் காலை பத்து மணிக்கு ஒரு மெட்டுத் தரப்படும். மெட்டை மட்டும் கொடுத்தால் எந்த இடத்தில் குறில், எந்த இடத்தில் நெடில், எங்கே மூச்சு வாங்க வேண்டும் என்று புதியவர்களுக்குப் பிடிபடாது. ஆகவே அந்த மெட்டில் கச்சிதமாக உட்காரும்படி ஏதாவது சொற்களை எழுதி, பாடிக் காட்டி, தாளாகவும் கையில் கொடுப்பார் அவர். அதற்கு டம்மி என்று பெயர். போட்டியாளர் அந்தச் சொற்களைத் தூக்கிப் போட்டுவிட்டு, அதே அளவில் தன் சொற்களை எழுத வேண்டும். மாலை நான்கு மணிக்குள் எழுதி முடித்தால், ஆறு மணிக்கு மேடையில் நம் பாடகி திரையைப் பார்த்துப் பாடுவார்.

டம்மி என்றால் அதில் அழகு இருக்கக் கூடாது என்பது அவர் தனக்குத் தானே வைத்துக்கொண்ட சட்டம். அழகாக இருந்தால் போட்டியாளரின் மனம் அதிலேயே ஒட்டிக்கொள்ளுமாம். ஆகவே கண்ணில் பட்டதை எழுதுவார். ‘மின்விசிறி சுத்துது மேலே, காத்து மட்டும் வரல கீழே’ என்று ஒரு காதல் மெட்டு. ‘பிஸ்கட் ரெண்டு நனைஞ்சு போச்சு, டீக்குள்ள விழுந்து’ என்று ஒரு சோக மெட்டு. இப்படி நானூறுக்கு மேல் எழுதினார், நானூறும் அன்றன்றைக்கே குப்பைக்கூடைக்குப் போயின. ஒன்றே ஒன்று மட்டும் எல்லா டம்மியிலும் மாறாமல் வரும். பாட்டின் கடைசி வரியை அவர் எழுத மாட்டார். அந்த இடத்தில் மெட்டுக்குப் பொருந்துகிறபடி ‘இங்கே ஒரு நல்ல வரி வரும்’ என்று மட்டும் போட்டுவிடுவார். கேட்டால், ‘கடைசி வரி அவங்க சொத்து. அதுல நாம கால் வைக்கக் கூடாது’ என்பார்.

அவரும் பாட்டெழுதும் ஆசையோடுதான் இந்த நிலையத்தின் படியேறினார் என்பது பழைய ஆட்களுக்குத் தெரியும். வாய்ப்பு வரும்வரை என்று இசையறையில் உதவியாளராக உட்கார்ந்தார். உட்கார்ந்த இடத்திலேயே தலை நரைத்துவிட்டது. பாட்டுப் போட்டி தொடங்கியபோது அதன் விதிகளில் ஏழாவதாக ஒன்றைச் சேர்த்தார்கள்: நிலைய ஊழியர் யாரும் கலந்துகொள்ளக் கூடாது, ஊழியர் எழுதிய சொல் போட்டியாளர் பெயரில் மேடையேறினால் அந்தப் போட்டியாளர் அன்றே வெளியே. அந்த விதித் தாளை அறிவிப்புப் பலகையில் ஒட்டியவர் அவரேதான். நான்கு மூலையிலும் பசை தடவி, ஒரு சுருக்கம் விழாமல் ஒட்டினார் என்று கேமராக்காரர் இன்றும் சொல்வார்.

இனிச் சொல்லப் போவது ஒன்பது ஆண்டுகளுக்கு முன் நடந்த இறுதிச் சுற்று. அதன் வெளிப்பக்கம் நம் எல்லோருக்கும் தெரியும். உள்பக்கம் சென்ற வாரம்வரை இருவருக்கு மட்டுமே தெரியும்.

அந்த ஆண்டு இறுதிக்கு வந்தவர்களில் ஒருவர் பேருந்து நடத்துநர். அவரை நாம் எல்லோரும் கண்டக்டர் அக்கா என்றே அழைத்தோம், இன்றும் அப்படித்தான் அழைக்கிறோம். விசிலை வாயில் வைத்துக்கொண்டே மெட்டை முணுமுணுப்பார். பல்லவிக்கு ஒரு நிறுத்தம், சரணத்துக்கு மூன்று நிறுத்தம் என்று அவருக்கு ஒரு கணக்கு. பதினெட்டு வருடம் மற்றவர்களை ஏற்றி இறக்கிய வண்டியில் தன் பாட்டும் ஒருநாள் ஏறும் என்று நம்பி வந்தவர். அதற்காகச் சம்பளமில்லா விடுப்பு எடுத்திருந்தார். அடுத்த ஆண்டு மறுபடி விடுப்புக் கிடைக்காது என்று மேலதிகாரி கறாராகச் சொல்லியிருந்தார். ஆகவே அவருக்கு அது ஒரே வாய்ப்பு.

இன்னொருத்தி, நம் தாள் பிரிவில் அப்போது இரண்டாம் வருடம் ஒப்பந்த வேலையில் இருந்த பெண். வீட்டில் கைக்குழந்தை. வேலை நிரந்தரமாகுமா ஆகாதா என்று தெரியாமல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் வேலை எளிமையானது. டம்மி எப்போதும் மஞ்சள் தாளில் இருக்கும், போட்டியாளரின் பாட்டும் தட்டச்சாகி வெள்ளைத் தாளில் இருக்கும். நான்கு மணிக்குப் போட்டியாளர் இரண்டையும் ஒரே உறையில் போட்டுத் திருப்பித் தருவார். மஞ்சளைக் கூடையில் போட வேண்டும், வெள்ளையைத் திரைக்கு ஏற்ற வேண்டும். பாடும்வரை பாட்டை யாரும் படிக்கக் கூடாது என்பது விதி என்பதால், தாளை அவள் வாசிக்கவும் கூடாது. நிறத்தைப் பார்த்தே வேலையை முடிக்க வேண்டும்.

இறுதிச் சுற்றன்று காலையில் பார்த்தால் மஞ்சள் தாள் ஒன்றுகூட இல்லை. முந்தின நாளே வாங்கி வைத்திருக்க வேண்டியவள் அவள்தான், மறந்துவிட்டாள். கையைப் பிசைந்துகொண்டு இசையறை வாசலில் போய் நின்றாள்.

“அண்ணே, மஞ்சத் தாள் தீந்துபோச்சு.”

“அதுக்கு ஏம்மா அழற? வெள்ளையிலேயே அடிச்சுக் குடு. மூலையில மட்டும் மஞ்சளா ஒரு புள்ளி வச்சிடு, போதும்.”

ஆளுக்கொன்றாகத் தாளை அடித்தாள். எல்லாத் தாளிலும் புள்ளி வைத்தாள், ஒன்றைத் தவிர. அதை வைக்கப் போகும் நேரத்தில் வீட்டிலிருந்து தொலைபேசி வந்தது, குழந்தைக்குக் காய்ச்சல் என்று. புள்ளியில்லாத அந்தத் தாள் போய்ச் சேர்ந்தது கண்டக்டர் அக்காவின் கைக்கு.

அந்தத் தாளில் இருந்தது என்ன என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அந்த ஆண்டு அவர் மனைவி இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அண்ணி மருத்துவமனையில் செவிலியர். அவர் வேலைக்குப் போகும்போது இவர் வருவார், இவர் போகும்போது அவர் வருவார். அதனால் அந்த வீட்டுக்கு எப்போதும் இரண்டு சாவி. காரியம் முடிந்து நான்காம் நாளே வேலைக்கு வந்துவிட்டார். முகத்தில் எதையும் காட்டவில்லை, யாரிடமும் எதையும் சொல்லவில்லை. கண்ணில் பட்டதை எழுதுவதுதானே டம்மி? அன்று காலை வீட்டைவிட்டுக் கிளம்பும்போது அவர் கண்ணில் பட்டதை எழுதியிருந்தார். சாயங்காலம் குப்பைக்குப் போகிற தாள் என்ற தைரியத்தில் எழுதியிருந்தார்.

மத்தியானம் கண்டக்டர் அக்கா எழுதுகிற அறையை விட்டு வெளியே வந்து, நடைவழியில் அவரைப் பிடித்துக்கொண்டார்.

“என்னண்ணே இது, இதையா டம்மின்னு குடுத்தீங்க? இதப் படிச்சிட்டு நான் என்னத்த எழுத?”

“அதக் கசக்கிப் போட்டுட்டு எழுதும்மா. அது வெறும் தானானா.”

“கசக்க மனசு வரலியே.”

“மனசு வரலன்னா மடிச்சு வச்சிட்டு எழுது. உன் வண்டியில எவ்வளவு பேரு ஏறியிருப்பாங்க, அவங்கள்ல ஒருத்தரு பாட்டுக்குள்ள ஏற மாட்டாங்களா?”

அக்கா உள்ளே போனார். நான்கு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது எழுதி முடித்தார். விதிப்படி இரண்டு தாளையும் ஒரே உறையில் போட்டுக் கொடுத்தார். இரண்டும் வெள்ளை, இரண்டும் தட்டச்சு. தாள் பிரிவுப் பெண் புள்ளியைத் தேடினாள், எதிலும் இல்லை. நேரம் ஓடிக்கொண்டிருந்தது. மேலே இருப்பது பாட்டு, கீழே இருப்பது டம்மி என்று அவளாக முடிவு கட்டிக்கொண்டு, கீழே இருந்ததைக் கசக்கிக் கூடையில் போட்டாள்.

அன்று நேரலை. ஆறு மணிக்கு விளக்குகள் எரிந்தன. கண்டக்டர் அக்கா தன் சீருடையிலேயே மேடையின் ஓரத்தில் நின்றிருந்தார். நம் பாடகி திரையைப் பார்த்து, கண்ணை ஒருமுறை மூடித் திறந்து, பாடத் தொடங்கினார்.

சாவி ரெண்டு ஆணியிலே – இப்ப
ஒண்ணுதானே போகும்
போன சாவி வரும்வரைக்கும் – மத்த
ஒண்ணு பாத்துத் தொங்கும்

அடுப்ப அணைச்சு வந்தியான்னு – கேக்க
ஆளு இல்ல வாசல்ல
அதனால மூணு தரம் – நானே
போயிப் பாத்தேன் காலையில

பூட்டத் திறந்து உள்ள வந்தா – வீடு
என்னப் பாத்து நிக்கும்
இங்கே ஒரு நல்ல வரி வரும்

அந்தக் கடைசி வரியைக் கேட்டதும் மேடைக்குப் பின்னால் இருந்த அத்தனை பேருக்கும் தூக்கிவாரிப் போட்டது. அதுவரை அது அக்காவின் பாட்டு என்றே நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். பத்து வருடமாகக் கேட்ட வரியாயிற்றே, அது யார் கை என்று யாருக்குத் தெரியாது? ஆனால் அரங்கத்துக்குத் தெரியாதே. முன்வரிசையில் யாரோ விசும்பும் சத்தம். மூத்த நடுவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு அந்தக் கடைசி வரியைப் பற்றி மட்டும் நான்கு நிமிடம் பேசினார். “வாழ்க்கையில ஒரு இடம் காலியாயிடுச்சு. அத நிரப்ப முடியல. ஆனா இங்கே ஒரு நல்ல வரி வரும்னு நம்புறாங்க பாருங்க, இதுக்கு மேல ஒரு பாட்டு என்ன சொல்லணும்?” என்றார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

தான் கசக்கிப் போட்டது எந்தத் தாள் என்று தாள் பிரிவுப் பெண்ணுக்கு அப்போதுதான் புரிந்தது. அந்த வேலை போனால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்க்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

மேடையில் நடுவர் முழு மதிப்பெண் பலகையைத் தூக்கினார். அப்போது கண்டக்டர் அக்கா ஒலிவாங்கியை வாங்கி, “ஐயா, இது என் பாட்டு இல்லீங்க” என்றார். வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் பரிசு அவருக்கு. வாயைத் திறந்தால் ஏழாம் விதி. அது அவருக்குத் தெரியும், தெரிந்தே திறந்தார். அரங்கம் சலசலத்தது. “அப்போ இது யாரு பாட்டு?” என்றார் நடுவர்.

அந்த நேரத்தில்தான் மேடையின் பக்கவாட்டிலிருந்து நம் தானானா அண்ணன் ஏறினார். கையில் ஒரு கசங்கிய தாள். கூடையைக் கவிழ்த்து, முட்டி போட்டுத் தேடி எடுத்து, தொடையில் வைத்து நீவியிருந்தார். பத்து ஆண்டுகள் மேடைக்கு வராத மனிதர், வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார்.

“இவங்க பாட்டு இதுங்க. தாள் மாறிப்போச்சு. தயவுசெஞ்சு இதப் பாட விடுங்க.”

“சரி, இப்பப் பாடினது யாரு எழுதினது?”

இந்தக் கேள்விக்கு அவர் உண்மையைச் சொல்லியிருந்தால் இருபத்து நான்கு வருட ஆசை ஒரு நிமிடத்தில் நிறைவேறியிருக்கும். அரங்கம் எழுந்து நின்று கை தட்டியிருக்கும். அண்ணிக்கென்று எழுதிய பாட்டு அண்ணிக்கென்றே இருந்திருக்கும். கண்டக்டர் அக்கா மட்டும் அன்றே வெளியே போயிருப்பார், தன் பாட்டு ஒருமுறைகூட ஒலிக்காமல். அவர் ஒரு கையால் தாளை நீட்டியபடி, இன்னொரு கையைச் சட்டைப்பைக்குள் விட்டு எதையோ இறுகப் பிடித்திருந்ததைத் தாள் பிரிவுப் பெண் பார்த்தாள்.

“யாரும் எழுதலீங்க. டம்மிங்க. மெட்டு சாயாம இருக்க முட்டுக் குடுத்த வார்த்தைங்க, அவ்வளவுதான்.”

யாரும் எழுதாத சொல்லுக்கு விதி கிடையாது. நடுவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டு சம்மதித்தார்கள். பாடகி அந்தக் கசங்கிய தாளைக் கையில் பிடித்துக்கொண்டு, அதே மெட்டில் அக்காவின் பாட்டைப் பாடினார்.

ஜன்னல் ஓர சீட்டு ஒண்ணு – இன்னும்
காலி வச்சிருக்கேன்
ஓடி வர்ற ஆளுக்காக – விசில
ஊதாம இருக்கேன்

அதற்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. அந்தப் பாட்டு இன்று எத்தனை பேருந்துகளில் ஒலிக்கிறது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

நிகழ்ச்சி முடிந்ததும் இயக்குநர் அம்மா கட்டுப்பாட்டு அறையிலிருந்து இறங்கி வந்தார். அம்மாவின் கோபம் எப்படி இருக்கும் என்று இங்கே விவரிக்க எங்களுக்குத் துணிவில்லை, அவர் இரண்டாவது நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். “தாள மாத்தினது யாரு?” என்றார். அந்தப் பெண் வாயைத் திறப்பதற்குள் தானானா அண்ணன் முந்திக்கொண்டார்.

“நான்தாம்மா. அவசரத்துல என் தாள மேல வச்சிட்டேன்.”

விளைவாக, அடுத்த ஓராண்டு அவருக்கு இசையறை இல்லை. பழைய ஒளிநாடாக்கள் இருக்கும் கிடங்கில் தூசி தட்டினார். அந்த ஆண்டு வேறொருவர் எழுதிய டம்மிகளில் காதலே காதலே என்று ஒரே சொல் நாற்பது முறை வந்து, போட்டியாளர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். ‘அந்தச் சாவிப் பாட்ட இன்னொரு தடவ போடுங்க’ என்று கேட்டு நேயர்கள் இரண்டு மாதம் விடாமல் தொலைபேசியில் அழைத்தார்கள். அந்த அழைப்புகளையும் கிடங்குக்கே திருப்பிவிட்டோம். ‘அது பாட்டு இல்லீங்க, தவறுதலா வந்துடுச்சு’ என்று ஒவ்வொருவரிடமும் பொறுமையாகச் சொன்னார். தன் மனைவிக்கு எழுதியதைத் தன் வாயாலேயே தவறு என்று எத்தனை முறை சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை. அந்த இறுதிச் சுற்றைப் பதிந்த நாடாவின் மேல் அவர் கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது: ‘இறுதிச் சுற்று. நடுவில் ஒரு தவறு.’

அந்தப் பெண் பேசவில்லை. அடுத்த மாதம் அவள் வேலை நிரந்தரமானது. அதற்குப் பிறகு பேச இன்னும் வெட்கமாகிவிட்டது. நடைவழியில் எதிர்ப்படும்போதெல்லாம் ‘குழந்தைக்கு இப்ப எப்படிம்மா இருக்கு?’ என்று அவர் கேட்பார். அந்தக் காய்ச்சல் இறங்கி ஆண்டுகள் ஆன பிறகும் கேட்டார். வேறு எதையும் அவர் ஒருநாளும் கேட்டதில்லை. ஒன்பது ஆண்டு இப்படியே போயிற்று.

சென்ற வாரம், பிரிவுபசார விழாவுக்கு நாள் குறித்த அன்று, அவள் இயக்குநர் அம்மாவின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லி அழுதாள். அம்மா எழுந்து அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து சொன்னார்.

“அந்த மனுசன் உறையத் தொட்டதே கிடையாதுன்னு எனக்கு அப்பவே தெரிஞ்சிருக்கணும். கோவத்துல கேக்காம விட்டேன், அப்புறம் கௌரவத்துல கேக்காம விட்டேன். நீ பயத்துல சொல்லாம விட்ட. சரி, பாராட்டு மடல நீயே எழுது. நீயே வாசி.”

ஆகவே, அண்ணா, இனி ‘அவர்’ இல்லை, ‘நீங்கள்’. ‘அவள்’ இல்லை, நான். அந்தத் தாளை மாற்றிய கைதான் இந்தத் தாளைப் பிடித்திருக்கிறது. எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். என்னை மன்னித்துவிடுங்கள். இந்த மடலில் இந்த ஒரு பத்தி மட்டும் என்னுடையது. மற்றவை எல்லாம் நம் எல்லோருடையவை.

அன்பின் வடிவமே! அடுத்தவர் பிழைக்குத் தோள் கொடுத்த ஆண்மையே! உங்களுக்கு என்ன பரிசு தருவது என்று கூடிப் பேசினோம். கடிகாரம் வேண்டாம் என்று முதலிலேயே முடிவாயிற்று, நேரம் தவறாதவருக்குக் கடிகாரம் எதற்கு? பிறகு அந்த நாடாவைக் கிடங்கிலிருந்து எடுத்தோம். ‘தவறு’ என்று நீங்கள் ஒட்டிய சீட்டைக் கிழிக்கவில்லை, அது உங்கள் கையெழுத்து. அதன் கீழே இன்னொரு சீட்டை ஒட்டி, பாட்டு எழுதியவர் என்று உங்கள் முழுப் பெயரை எழுதியிருக்கிறோம். இனி அந்தப் பாட்டைக் கேட்டு யார் அழைத்தாலும் அந்தப் பெயரைத்தான் சொல்வோம். முன்வரிசையில் சீருடையோடு அமர்ந்திருக்கும் கண்டக்டர் அக்கா, இதற்காகவே இரண்டு நடைக்கு ஆள் மாற்றிவிட்டு வந்திருக்கிறார். “யாரும் எழுதலன்னு அவரு சொன்னப்ப, அது பொய்யின்னு எனக்கு நல்லாத் தெரியும். இத்தன வருசமா அந்தப் பொய்யிலதான் என் வண்டி ஓடுது. சொல்லிடுங்கம்மா” என்று அனுமதி தந்தவரும் அவரே.

அடுத்து ஏழாம் விதி. இன்று மாலை ஐந்து மணியோடு நீங்கள் இந்த நிலையத்தின் ஊழியர் அல்லர். இப்போது மணி ஐந்து பத்து. அடுத்த போட்டிக்கான முதல் விண்ணப்பத்தை நாங்களே நிரப்பியிருக்கிறோம். பெயர், முகவரி, தொழில் எல்லாம் எழுதியாயிற்று. தொழில் என்ற இடத்தில் பாடலாசிரியர் என்று போட்டதற்காக எங்களைக் கோபிக்க வேண்டாம். உங்கள் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. விண்ணப்பத்தை இந்த மடலுக்குப் போட்ட கண்ணாடிச் சட்டத்தின் பின்பக்கம் செருகி வைத்திருக்கிறோம்.

அதே பின்பக்கத்தில் இன்னொன்றும் ஒட்டியிருக்கிறது. இன்று காலை அலுவலகத்தில் நீங்கள் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தீர்களே, இசையறைச் சாவி, அதுதான். அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள இயக்குநர் அம்மா மறுத்துவிட்டார். அந்த அறைக்கும் இரண்டு சாவிதான், அண்ணா. ஒன்று எங்களிடம் இருக்கும். மற்றது உங்கள் வீட்டு ஆணியில், அண்ணியின் சாவிக்குப் பக்கத்தில் தொங்கட்டும். நீங்கள் வரும்வரைக்கும் நாங்களும் பார்த்துக்கொண்டிருப்போம்.

முழங்கால் வலி முற்றும் நீங்கி, மூச்சும் குரலும் முன்போல் ஓங்கி, அடுப்பை ஒரே தரம் பார்த்துவிட்டு நிம்மதியாகக் கிளம்பும் காலைகள் பலப்பல பெற்று, பேரப்பிள்ளைகள் உங்கள் மடியில் அமர்ந்து தானானா பாட, நீங்கள் நூறாண்டு நலமோடும் நகையோடும் வாழ்க! வாழ்க!

சட்டம் போடும் கடைக்காரர், மடலின் அடியில் ஒரு வரி அளவுக்கு இடம் வெறுமையாக இருக்கிறதே, ஏதாவது பூ வரைந்து நிரப்பிவிடட்டுமா என்று கேட்டார். வேண்டாம், அது எங்கள் அண்ணனின் சொத்து, அதில் நாங்கள் கால் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டோம். அந்த இடத்தில் பென்சிலால், அழித்து எழுதத் தோதாக, மெதுவாக இவ்வளவு மட்டும் எழுதியிருக்கிறோம்:

இங்கே ஒரு நல்ல வரி வரும்.

என்றும் உங்கள் தாளத்துக்குக் கட்டுப்பட்ட,
பாட்டுப் போட்டிக் குழுவினரும்
இசையறை, ஒளி, ஒலி, மேடை, தாள் பிரிவு ஊழியர் அனைவரும்